தேநீர்க் கோப்பையில் ஒரு சுழற்காற்று

நுவரெலியாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், பொழுது புலருமுன்னரே அடுப்பு மூட்டிப் பெரட்டுக்குப் புறப்படுமுன் ஒரு கோப்பைத் தேநீர் அருந்துவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். வெளியே மலைச்சரிவெங்கும் பனிமூட்டம். உள்ளே கொதிநீரின் ஆவி. வடிகட்டாது ஊற்றிய தேநீராயின், சிறிது தூளும் சில இலைத் துணுக்குகளும் கோப்பையின் அடியிற் கிடக்கும். சீனியிட்டுக் கரண்டியாற் கலக்கியபின் அத்துணுக்குகள் எவ்விடத்திற் சென்று சேர்கின்றன என்பதை உற்றுநோக்குவோர் மிகச் சிலரே. உற்றுநோக்கியவர்களோ, வீடுகளைப் பெயர்த்தெறியும் கொடிய சுழற்காற்றின் இரகசியங்களுள் ஒன்றை அக்கோப்பையின் அடியிலே கண்டனர்.

இதனை எவரும் தம் இல்லத்திலேயே செய்து பார்க்கலாம். கண்ணாடிக் குவளை ஒன்றில் நீர் நிரப்பி, ஊறிய தேயிலைத் துணுக்குகள் சிலவற்றை இட்டு, கரண்டியால் வட்டமாகச் சுழற்றிவிட்டுக் கரண்டியை எடுத்துவிடவேண்டும். நீரினும் கனமான துணுக்குகள் சுழற்சியினால் வெளிப்புறமாக எறியப்பட்டுக் குவளையின் சுவரோரமாக ஒதுங்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்வது அதற்கு நேர்மாறு. சுழற்சி அடங்க அடங்க அவை யாவும் அடித்தளத்தின் நடுவே வந்து சிறு குவியலாகத் திரள்கின்றன.

இதற்குக் காரணம் யாது? சுழலும் நீர் சுவரை நோக்கி ஒதுங்குவதால், ஓரத்தில் நீர்மட்டம் சற்று உயர்ந்தும் நடுவிற் சற்றுத் தாழ்ந்தும் நிற்கிறது. ஆகவே ஓரத்தில் அமுக்கம் மிகுதி, நடுவிற் குறைவு. இவ்வமுக்க வேறுபாடு நீரை உள்நோக்கித் தள்ளுகின்றது. சுழற்சியோ வெளிநோக்கித் தள்ளுகின்றது. குவளையின் பெரும்பகுதியில் இவ்விரண்டும் சமன்பட்டு நிற்கின்றன. ஆனால் அடித்தளத்தை ஒட்டிய மெல்லிய நீர்ப்படையில், தளத்தின் உராய்வினாற் சுழற்சி தளர்ந்துவிடுகின்றது. சுழற்சி தளர்ந்ததும் வெளிநோக்கிய தள்ளுதல் குன்றுகின்றது. உள்நோக்கிய அமுக்கம் குன்றுவதில்லை. எனவே அடியிலுள்ள நீர் நான்கு புறத்திலிருந்தும் நடுவை நோக்கிப் பாய்ந்து, அங்கிருந்து மேலெழுகின்றது. துணுக்குகளை இழுத்துவரும் ஓட்டம் இதுவே. மேலெழும் நீருடன் எழுவதற்கு அவை கனமாயிருப்பதால் நடுவிலே தங்கிவிடுகின்றன.

இவ்விளக்கத்தை 1857ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் தொம்சன் என்பார், வளிமண்டலப் பேரோட்டங்களை ஆராய்ந்தபோது எடுத்துரைத்தார். பின்னர் 1926ஆம் ஆண்டில், ஆறுகள் ஏன் வளைந்து வளைந்து ஓடுகின்றன என்பதை விளக்கப் புகுந்த அல்பேட் ஐன்ஸ்டைன், இதே தேநீர்க் கோப்பையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். அக்காலத்திற் புகழ்பெற்ற பௌதிக அறிஞரான எர்வின் சுரோடிங்கரிடம் அவருடைய மனைவியார் சில நாட்களுக்கு முன்னரே இவ்வினாவை எழுப்பியிருந்தார் என்றும், அறிஞரால் விடை கூற இயலவில்லை என்றும், ஐன்ஸ்டைனின் கட்டுரையைக் கண்டபின்னரே தெளிவு பிறந்தது என்றும் அவர் எழுதிய கடிதம் ஒன்று கூறுகின்றது. அடுக்களையிற் பிறந்த ஐயம் பேரறிஞரையும் மலைக்கவைத்தது.

இனி, கோப்பையிலிருந்து வானத்துக்குச் செல்லலாம். மேல்நாட்டார் டோர்னேடோ என வழங்கும் சுழற்காற்றும், சூறாவளியும் ஒன்றல்ல. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மட்டக்களப்பைச் சிதைத்தது சூறாவளி. அது கடலிற் பிறந்து, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்துக்கு விரிந்து, நாட்கணக்கில் வாழ்வது. சுழற்காற்றோ இடிமுகிலின் அடியிலிருந்து நிலத்தைத் தொடும் ஒடுங்கிய வளித்தூண். அகலம் பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள் அடங்கும். வாழ்நாள் பெரும்பாலும் சில நிமிடமே. ஆயினும் அதன் உள்ளே வீசும் காற்று, சூறாவளியின் காற்றையும் விஞ்சக்கூடியது. 1989ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் வங்காளதேசத்தின் மாணிக்கஞ்சு மாவட்டத்தைத் தாக்கிய சுழற்காற்றில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர் எனக் கணக்கிடப்பட்டது. உலகிற் பதிவான சுழற்காற்றுகளுள் மிகுந்த உயிர்களைக் குடித்தது அதுவே.

இலங்கையில் அத்தகைய பெருஞ்சுழல்கள் தோன்றுவதற்கு வேண்டிய சூழ்நிலை அரிது. நிலத்தருகே ஒரு திசையிலும் மேலே வேறொரு திசையிலும் வலிய காற்று வீசினாலன்றி, முகில் முழுவதும் சுழலத் தொடங்குவதில்லை; நிலநடுக்கோட்டை அண்டிய நாடுகளில் அவ்வேறுபாடு பொதுவாகக் குறைவு. எனினும் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களிற் பிற்பகல் இடிமழையோடு குறுகிய, கடுமையான காற்றுகள் எழுந்து கூரைகளைப் பெயர்ப்பதும் மரங்களைச் சாய்ப்பதும் இந்நாட்டார் அறிந்தவையே.

சுழற்காற்றின் வலிமை எங்கிருந்து வருகின்றது? சிறுவர் கயிற்றின் நுனியிற் கல்லைக் கட்டிச் சுழற்றி, அக்கயிற்றை மெல்ல மெல்லக் கையை நோக்கி உள்ளிழுப்பதுண்டு. கயிறு குறுகக் குறுகக் கல்லின் வேகம் பெருகும். சுழலும் பொருளொன்று மையத்தை நெருங்கும்போது அதன் வேகம் அதே விகிதத்தில் உயரவேண்டும் என்பது இயற்கையின் விதி. மையத்திலிருந்து 1,000 மீற்றர் தொலைவில் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில், இலையசையும் மென்காற்றாகச் சுற்றும் வளி, இழப்பேதுமின்றி 50 மீற்றர் தொலைவுக்கு இழுக்கப்படுமாயின், செக்கனுக்கு 40 மீற்றர், அதாவது மணிக்கு 144 கிலோமீற்றர் வேகத்தை அடையும். மேலே முகிலுக்குள் எழும் வளியே, கீழுள்ள வளியை இவ்வாறு இழுத்துத் திரட்டுகின்றது.

விதி தெளிவாயினும் நிகழ்ச்சியை அளந்தறிவது எளிதன்று. சுழற்காற்று எவ்விடத்தில் இறங்கும் என்பதை முன்கூட்டி உணர்தல் அரிது. அதன் பாதையில் வைத்த கருவிகள் உடைந்துபோவதும் உண்டு. நிலத்தை ஒட்டிய சில மீற்றர் உயரத்திலேயே மனிதரின் வீடுகள் உள்ளன. ஆனால் புழுதியும் சிதைபொருள்களும் நிறைந்த அப்பகுதியே அளப்பதற்கு மிகக் கடினமானது. ஆகவே, தேடிச் செல்வதற்குப் பதிலாகச் சுழற்காற்றை ஆய்கூடத்திலே படைத்துக் காணலாகாதா என்ற எண்ணம் அறிஞருக்கு எழுந்ததில் வியப்பில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பிரான்சு நாட்டு வேயர் என்பார் நீர்த்தொட்டியொன்றின் மேலே விசிறியைச் சுழலவிட்டு, நீரிலிருந்து ஒரு சுழல்தூண் எழச் செய்தார். காண்போர் வியக்கும் காட்சிதான். ஆனால் அங்கே சுழற்சியைத் தந்தது விசிறியின் இதழ்களே. முகிலுக்கு இதழ்கள் இல்லை. முகில் வளியை மேலே உறிஞ்சுகின்றது. சுழற்சியோ சூழவுள்ள வளியோடு பக்கவாட்டிலிருந்து வருகின்றது. உறிஞ்சுதலையும் சுழற்சியையும் வெவ்வேறாகப் பிரித்தாலன்றி, எது எதற்குக் காரணம் என்பதை அறியமுடியாது.

இவ்வாறு பிரித்தமைத்த பெருமை நீல் வார்டு என்பாருக்கு உரியது. அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்து நோர்மன் நகரில் அமைந்த கடும்புயல் ஆய்கூடத்திற் பணியாற்றிய அவர், புயல்களைப் பின்தொடர்ந்து சென்று நேரிற் கண்டவருமாவார். அவர் அமைத்த பொறியின் வடிவம் இது: உச்சியில் வளியை வெளியேற்றும் விசிறி, அதன் கீழே தேன்கூடு போன்ற துளைகள் நிறைந்த தடுப்பு, அதற்குங் கீழே வட்டமான துவாரத்தினூடாக வளி மேலெழும் அறை, எல்லாவற்றுக்கும் அடியில், தளத்தை ஒட்டிச் சுற்றிவரும் கம்பிவலைச் சுவர். தேன்கூட்டுத் தடுப்பினால் விசிறியின் சுழற்சி கீழே இறங்காது. அதன் உறிஞ்சுதல் மட்டுமே இறங்கும். வளிக்குச் சுழற்சியைக் கொடுப்பது கம்பிவலை. வலையை விரைவாகவோ மெதுவாகவோ சுற்றலாம், துவாரத்தைப் பெருக்கலாம், உட்புகும் வளியின் உயரத்தைக் குறைக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றி விளைவைக் காண அவருக்கு வழி பிறந்தது. அவ்வாராய்ச்சியின் முடிவுகள் 1972ஆம் ஆண்டில் வெளியாயின.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இயற்கையில் நூறு மீற்றர் அகலமுள்ள சுழலுக்கும், அறையொன்றுக்குள் அடங்கும் சிறுசுழலுக்கும் என்ன ஒப்புமை? இரண்டின் அளவுகள் வேறாயினும் விகிதங்கள் ஒன்றாயின் வடிவமும் ஒன்றாகும் என்பதே விடை. உட்புகும் வளியிற் சுழற்சி எவ்வளவு, மேலெழுச்சி எவ்வளவு என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பெறும் எண்ணுக்குச் சுழற்சி விகிதம் என்று பெயர். பாலும் சாயமும் ஒரே விகிதத்தில் இருந்தாற் சிறிய கோப்பையிலும் பெரிய கோப்பையிலும் தேநீரின் நிறம் ஒன்றாகவே இருப்பதுபோல, சுழற்சி விகிதம் ஒத்திருந்தாற் சுழல்களின் தோற்றமும் பெரும்பாலும் ஒத்திருக்கும்.

அவ்விகிதத்தைப் படிப்படியாக உயர்த்தினால் ஆய்கூடத்தில் நிகழ்வது கண்கொள்ளாக் காட்சி. தளத்திலே புகையைக் கசியவிட்டால், முதலில் மெலிந்த, நேரான, அமைதியான ஒரு தூண் எழும். சுழற்சியைச் சற்றுக் கூட்டியதும், தூணின் மேற்பகுதி திடீரெனப் பருத்துக் குழம்பும். கீழ்ப்பகுதி மட்டும் மெலிந்தே நிற்கும். மேலும் கூட்டினால் அக்குழப்பம் கீழ்நோக்கி இறங்கித் தளத்தைத் தொடும். அப்பொழுது சுழலின் நடுவே வளி மேலெழாது கீழிறங்கத் தொடங்கும். அதற்கு மேலும் கூட்டுமிடத்து, ஒற்றைச் சுழல் பிளந்து இரண்டாகும்; பின் மூன்றாகும்; மேலும் பலவாகவும் ஆகும். பெற்றோரைச் சுற்றி ஓடும் பிள்ளைகளைப்போல, அச்சிறு சுழல்கள் பெருஞ்சுழலின் மையத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். இந்தியானா மாநிலத்துப் பேடியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேர்ச், சினோ முதலானோர் இத்தகைய பொறியொன்றிலே ஆராய்ந்து, 1979ஆம் ஆண்டில் இப்படிநிலைகளை விரிவாக வகுத்துக் காட்டினர்.

ஆய்கூடத்திற் கண்ட இக்காட்சி இயற்கையிலும் உண்டா? அதற்குச் சான்று வேறொரு வழியில் வந்தது. தெத்சுயா பூஜித்தா என்னும் யப்பானிய அறிஞர், 1945ஆம் ஆண்டில் அணுகுண்டு வீழ்ந்த நகரங்களின் அழிவுத் தடயங்களை ஆராய்ந்தவர். பின்னர் மலைமீதமைந்த வானிலை நிலையமொன்றின் பதிவுகளைக் கொண்டு இடிமுகிலின் இயல்பைக் கணித்தவர். 1953ஆம் ஆண்டில் சிக்காகோப் பல்கலைக்கழகம் சென்றவர். 1965ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் அமெரிக்காவின் நடுமாநிலங்களிற் பல சுழற்காற்றுகள் தாக்கியபின், அவர் விமானத்திலிருந்து நிலத்தை நோக்கினார். வயல்களில் வளையம் வளையமாகப் பின்னிய கோடுகள் தென்பட்டன. உருண்டோடும் வண்டிச் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி எவ்வாறு வளைந்து வளைந்து செல்லுமோ, அவ்வாறே அக்கோடுகள் அமைந்திருந்தன. பெருஞ்சுழல் முன்னோக்கி நகரும்போது அதனைச் சுற்றி ஓடிய சிறுசுழல்கள் விட்டுச்சென்ற தடங்களே அவை என்று அவர் விளக்கினார். நிலத்திற் படித்த செய்தியும் பொறியிற் கண்ட காட்சியும் ஒன்றையொன்று உறுதிசெய்தன.

இதனால் நெடுங்காலப் புதிரொன்றும் விடுபட்டது. சுழற்காற்று கடந்துபோன ஊரில், ஒரு வீடு தரைமட்டமாகக் கிடக்க, அடுத்த வீட்டில் ஓடு ஒன்றும் அசையாதிருப்பதைக் கண்டு மக்கள் திகைப்பர். ஊழ்வினை என்பர் சிலர். தெய்வச்செயல் என்பர் சிலர். பெருஞ்சுழலின் வேகத்தோடு சிறுசுழலின் வேகமும் சேர்ந்து தாக்கும் இடம் ஒடுங்கிய ஒரு கீற்று மட்டுமே. அக்கீற்றில் அகப்பட்ட வீடு வீழ்கின்றது. சில அடி விலகி நின்ற வீடு தப்புகின்றது. காரணம் வானத்தில் இருந்தது. அதனைக் கண்ணாற் காட்டியது ஆய்கூடம்.

தேநீர்க் கோப்பையின் உண்மையும் இவ்விடத்தே மீண்டும் வருகின்றது. உராய்வு வேகத்தைக் குறைப்பது. ஆகவே நிலத்தின் கரடுமுரடு சுழற்காற்றைத் தளர்த்திவிடும் என்றே முதலில் தோன்றும். ஆனால் நிலத்தை ஒட்டிய வளிப்படையிற் சுழற்சி தளர்வதனாலன்றோ அவ்வளி மையத்தை நோக்கி விரைந்து பாய்கின்றது! கோப்பையின் அடியில் இலைத்துணுக்குகளை இழுத்த அதே ஓட்டம், இங்கே புழுதியையும் தகரத்தையும் மரக்கிளையையும் இழுக்கின்றது. அவ்வாறு ஒடுங்கிப் பாய்ந்த வளி திடீரென மேல்நோக்கித் திரும்பும் மூலையிலேதான், அதாவது நிலத்துக்கு மிக அண்மையிலேதான், சுழற்காற்றின் மிகக் கடுமையான வேகங்கள் காணப்படுகின்றன. மனிதர் வாழும் உயரமே காற்றின் சீற்றம் முற்றும் உயரமாயிருப்பது துயரமான உண்மை.

இவ்வாறு சுழலின் வடிவம் புலப்பட்டபின், ஆராய்ச்சி வீட்டை நோக்கித் திரும்பிற்று. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்திற் பார்த்தா சர்க்காரும் அவருடைய துணைவரும் அமைத்த பொறி ஏறத்தாழ 5.5 மீற்றர் விட்டமுடையது. வார்டின் பொறியில் கம்பிவலை தளத்தைச் சூழ்ந்து நின்றது; இதிலோ சுழலும் வளி மேலிருந்து வளையமாக இறக்கப்பட்டு, தளத்தைத் தொட்டதும் உள்நோக்கித் திரும்புகின்றது. தளத்தில் தடையேதும் இல்லாமையால், மேலே தொங்கும் பொறியை நகர்த்திச் சிறு மாதிரி வீடுகளின்மீது சுழலை நடத்திச் செல்லலாம். மாதிரி வீட்டின் கூரையிலும் சுவரிலும் பொருத்திய கருவிகள், ஒவ்வொரு கணத்திலும் ஒவ்வோரிடத்திலும் உள்ள அமுக்கத்தைப் பதிவுசெய்யும்.

2010ஆம் ஆண்டில் வெளியான அவ்வளவீடுகள் கட்டடக் கலைஞரைச் சிந்திக்கவைத்தன. நேராக வீசும் காற்றோடு ஒப்பிடுமிடத்து, சுழலின் பக்கவாட்டுத் தள்ளுதல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிருந்தது. கூரையை மேல்நோக்கித் தூக்கும் விசையோ இரண்டு மூன்று மடங்காயிருந்தது. வீட்டைச் சாய்ப்பதினும் கூரையைக் கழற்றுவதிலேயே சுழற்காற்றின் வல்லமை மிகுதி என்பது இதனாற் பெறப்படும். கூரை போனபின், மேலே பிடிப்பின்றி நிற்கும் சுவர் தானாகவே சரியும்.

ஒரு பழைய நம்பிக்கையும் இத்தகைய ஆராய்ச்சியாற் கைவிடப்பட்டது. சுழலின் நடுவில் அமுக்கம் குறைவாதலால், வீட்டினுள் அடைபட்ட வளி விரிந்து வீட்டை வெடிக்கச் செய்யும். எனவே யன்னல்களைத் திறந்துவிடவேண்டும் என்று முற்காலத்தில் அமெரிக்க மக்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. உண்மையில், திறந்த யன்னல் வழியே காற்று உட்புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளுகின்றது. அதே வேளை மேலே ஓடும் காற்று கூரையை உறிஞ்சுகின்றது. இரண்டும் ஒரே திசையிற் கூடுகின்றன. திறந்துவிடுவது கூரைக்குத் தீங்கே.

இலங்கைத் தமிழர் பெருந்தொகையினராய்க் குடியேறியுள்ள கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் இவ்வாராய்ச்சி நடைபெறுகின்றது. அம்மாகாணத்து இலண்டன் நகரில், வெஸ்டேர்ண் பல்கலைக்கழகம் அமைத்த அறுகோண வடிவமான கூடம் 25 மீற்றர் விட்டமுடையது. அதிலே நூற்றுக்கு மேற்பட்ட விசிறிகள் பதிக்கப்பட்டுள்ளன. நேர்க்காற்று, மேலிருந்து கொட்டும் காற்று, சுழற்காற்று ஆகிய மூன்றையும் ஒரே கூடத்திற் படைத்து, வீடுகளும் மரங்களும் மலைச்சரிவுகளும் அவற்றை எதிர்கொள்ளும் விதத்தை அங்கே ஆராயலாம்.

ஆய்கூடத்தின் எல்லையையும் மறைத்தலாகாது. எல்லாப் பொறிகளிலும் சுழற்சியை மனிதனே முன்கூட்டி ஊட்டுகின்றான். இயற்கையில் அச்சுழற்சி நிலத்தருகே எவ்வாறு பிறக்கின்றது, ஒரே வகையான இரண்டு இடிமுகில்களுள் ஒன்று ஏன் சுழற்காற்றை ஈனுகின்றது, மற்றையது ஏன் வாளாவிருக்கின்றது என்னும் வினாக்களுக்குப் பொறி முழுவிடை தருவதில்லை. அதற்காக 1994, 1995ஆம் ஆண்டுகளிலும், மீண்டும் 2009, 2010ஆம் ஆண்டுகளிலும் அமெரிக்க அறிஞர் கூட்டங்கூட்டமாக, கதுவீக் கருவிகளை வண்டிகளிலேற்றிக்கொண்டு முகில்களைத் துரத்திச் சென்றனர். மாபெரும் கணினிகளிலும் முகிலை எண்களாற் படைத்துப் பார்க்கின்றனர். களமும் கணினியும் ஆய்கூடமும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றன.

இவற்றால் மலைநாட்டு மக்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். மே மாதம் முதற் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன் வழியாக மேலேறி நுவரெலியாவை அடைகின்றது. மலைமுகட்டைக் கடக்கும் காற்று ஒடுங்கி விரைவதால், சமதரையில் தாங்கக்கூடிய காற்றும் முகட்டில் தாங்கொணாததாகின்றது. முகட்டோரங்களிலும் சரிவுகளிலும் நீண்டு கிடக்கும் லயன்களில், ஒரே தகரக் கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. பருவக்காற்று நேர்க்காற்றே, சுழற்காற்று அன்று. ஆயினும் நேர்க்காற்றும் கூரையின் மூலையிற் சாய்வாக மோதும்போது, விளிம்பிலே சிறுசிறு சுழல்களாகச் சுருண்டு, கூம்பு வடிவாகக் கூரைமீது நீளுகின்றது. அச்சுழலின் அடியில் அமுக்கம் வெகுவாகக் குறைகின்றது. கூரையின் மூலையும் விளிம்பும் முதலிற் கழல்வதற்குக் காரணம் இதுவே. கோப்பையிலும் முகிலிலும் கண்ட சுழல், கூரையின் மூலையிலும் குடியிருக்கின்றது.

அதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. ஒரு கனமீற்றர் வளியின் திணிவு கடல்மட்டத்தில் ஏறத்தாழ 1.2 கிலோகிராம், நுவரெலியாவின் உயரத்தில் ஏறத்தாழ 1 கிலோகிராம். செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீற்றர்மீது ஏறத்தாழ 45 கிலோகிராம் பாரத்துக்கு ஈடான அமுக்கத்தைத் தரும். இரண்டு சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைந்த ஒரு கூரைத் தகரத்தின் நிறை ஏறத்தாழ 8 கிலோகிராம். அதனைத் தூக்க முயலும் விசையோ 80 கிலோகிராமுக்கு ஈடாகும். மூலைகளில் அது இருமடங்கும் ஆகலாம். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

தகரம் பறவாதிருக்கக் கல்லையும் மணல்மூட்டையையும் கூரைமீது ஏற்றிவைப்பது பல லயன்களிற் காணும் வழக்கம். மேற்கூறிய கணக்கை நோக்கினால், ஒன்றிரண்டு கற்கள் கடுங்காற்றுக்கு ஈடுகொடாமை விளங்கும். கழன்ற தகரத்தோடு கல்லும் உருண்டு கீழே நிற்பவர்மீது வீழும் அபாயமும் உண்டு. காற்றை வெல்வது பாரமன்று, பிணைப்பே. தகரத்தைக் குறுக்குச் சட்டத்தோடும், சட்டத்தைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரோடும், சுவரை அத்திவாரத்தோடும் இடையறாது பிணைக்கவேண்டும். சங்கிலியின் ஒரு கண்ணி தளர்ந்தாலும் முழுச் சங்கிலியும் பயனிழக்கும். கூரையின் நடுப்பகுதியினும் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் திருகாணிகளை நெருக்கமாக அமைக்கவேண்டும். துருப்பிடித்த ஆணிகளைப் பருவக்காற்று தொடங்குமுன்னரே மாற்றவேண்டும். காற்று வீசும்போது, காற்றுவரும் பக்கத்துக் கதவையும் யன்னலையும் சாத்திவைக்கவேண்டும்.

லயத்தின் கோடியிலுள்ள காம்பராவின் தகரம் முதலிற் கழன்றால், அவ்விடைவெளி வழியே காற்றுப் புகுந்து அடுத்த தகரத்தையும், அதற்கடுத்ததையும் வரிசையாக உரித்துச் செல்லும். ஒரு குடும்பத்தின் கூரையைக் காப்பது பத்துக் குடும்பங்களைக் காப்பதாகும். ஆகவே இப்பணியைத் தனியொருவரின் பொறுப்பாக விடாது, தோட்ட நிருவாகமும் வீடுகளை அமைப்போரும் லயத்து மக்களும் ஒன்றுகூடிச் செய்தல் கடமை. புதிய வீடுகளைக் கட்டுவோர், இடத்தைத் தெரியும்போதே முகட்டின் விளிம்பைத் தவிர்ப்பதும் இன்றியமையாதது.

சுழலும் நீரில் இலைத்துணுக்கு ஏன் நடுவே சேர்கின்றது என்று ஒருவர் வினவினார். சுழலும் வளி ஏன் இரண்டாகப் பிளக்கின்றது என்று மற்றொருவர் வினவினார். மாதிரி வீட்டின் கூரை எம்மூலையிலிருந்து எழுகின்றது என்று வேறொருவர் அளந்தார். இவை யாவும் ஒன்றோடொன்று கோத்து, மலைச்சரிவில் உறங்கும் குழந்தையின் தலைக்கு மேலுள்ள தகரத்தில் எத்தனை ஆணி அறையவேண்டும் என்ற கணக்கில் வந்து முடிகின்றன. அடுத்தமுறை தேநீரைக் கலக்குபவர் ஒரு கணம் கோப்பையின் அடியை நோக்கட்டும். அவ்வாறே, ஆடி மாதத்துக் காற்று எழுமுன் ஒரு தரம் தம் கூரையின் மூலையையும் நோக்கட்டும்.